பாதிப் பருவத்தில் 44-45: அட்லான்டா பிரேவ்ஸ் பற்றி வாசகர் கேள்விகள்

2021-ஆம் ஆண்டுப் பருவத்தின் நடுவில் வெற்றிகளைவிடத் தோல்விகளை அதிகமாக வைத்திருந்த அட்லான்டா பிரேவ்ஸ் பேஸ்பால் அணி, தன் முதன்மை ஆட்டக்காரரைக் காயத்தால் இழந்த பிறகும் அதே ஆண்டு உலகத் தொடரை (பருவத்தின் இறுதிக் கோப்பைப் போட்டியை) வென்றது என்று இப்பகுதியில் வேறொரு பதிலின் நடுவே குறிப்பிட்டிருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கேள்விகளே இம்முறை பகுதி முழுவதையும் எடுத்துக்கொள்கின்றன.

கேள்வி: ஐ.பி.எல். பார்த்துப் பழகிய எங்களுக்கு ஒன்று புரியவில்லை. பாதி ஆட்டங்கள் முடிந்த நிலையில் தோல்விக் கணக்கில் இருக்கும் அணி பிளேஆஃபை எட்டுவதே பெரும்பாடு. 89 ஆட்டங்களில் 45-இல் தோற்ற ஓர் அணிக்கு எப்படி நம்பிக்கை இருந்திருக்க முடியும்?
— வாசகர், மதுரை

ஐ.பி.எல்.லில் எல்லா அணிகளும் ஒரே பட்டியலில் நிற்கின்றன. ஆளுக்குப் பதினான்கு லீக் ஆட்டங்கள்தாம். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் முப்பது அணிகள் இரண்டு லீக்குகளாகவும், ஒவ்வொரு லீக்கும் ஐந்தைந்து அணிகள் கொண்ட மூன்று பிரிவுகளாகவும் பிரிக்கப்பட்டிருக்கின்றன; ஒவ்வோர் அணிக்கும் 162 ஆட்டங்கள். பிரிவில் முதலிடம் பெறும் அணி நேராகப் பிளேஆஃபுக்குச் செல்லும். ஆகவே பாதிப் பருவத்தில் ஓர் அணியின் வெற்றி தோல்விக் கணக்கை மட்டும் பார்ப்பதில் பயன் குறைவு. அதே பிரிவில் இருக்கும் மற்ற நான்கு அணிகள் என்ன நிலையில் இருக்கின்றன என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

2021 ஜூலை 11 அன்று ஆல்-ஸ்டார் இடைவேளைக்காக (நட்சத்திர வீரர்களின் காட்சி ஆட்டத்துக்காகப் பருவத்தின் நடுவே விடும் ஓய்வு) ஆட்டங்கள் நின்றபோது, நேஷனல் லீக் கிழக்குப் பிரிவில் நியூயார்க் மெட்ஸ் 47 வெற்றி 40 தோல்வியுடன் முதலிடத்திலும், ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் 44-44 என்ற கணக்கில் அதற்கு அடுத்தும், பிரேவ்ஸ் 44-45 என்ற கணக்கில் மூன்றாவதாகவும் இருந்தன. முன்னணி அணியிலிருந்து எத்தனை ஆட்டம் பின்தங்கியிருக்கிறோம் என்பதைக் கணக்கிட, வெற்றிகளின் வித்தியாசத்தையும் தோல்விகளின் வித்தியாசத்தையும் கூட்டிப் பாதியாக்குவார்கள். வெற்றியில் மூன்று, தோல்வியில் ஐந்து. கூட்டினால் எட்டு, அதில் பாதி நான்கு. எழுபதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் மிச்சமிருக்கும்போது நான்கு ஆட்டப் பின்னடைவு ஒரு பெரிய சுமை அன்று. இதே 44-45 கணக்குடன் பிரேவ்ஸ் மேற்குப் பிரிவில் இருந்திருந்தால், அங்கே 57-32 என்று ஓடிக்கொண்டிருந்த சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்குப் பதின்மூன்று ஆட்டங்கள் பின்னால் நின்றிருக்கும்; அப்போது யாரும் அந்த அணியைப் பற்றிப் பேசியே இருக்க மாட்டார்கள்.

கேள்வி: அட்லான்டா புறநகரில் பன்னிரண்டு ஆண்டுகளாக வசிக்கிறோம். ரொனால்ட் அக்குன்யா அடிபட்டு விழுந்த அன்று என் மகன் அழுதே விட்டான். அந்த ஆண்டு உண்மையில் யார் யாரை இழந்தோம், அந்த இடங்களை எப்படி நிரப்பினார்கள் என்பதை விரிவாகச் சொல்ல முடியுமா?
— வாசகி, ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா

உங்கள் மகன் அழுததில் வியப்பில்லை. ஜூலை 10 அன்று மயாமியில் நடந்த ஆட்டத்தின் ஐந்தாவது இன்னிங்ஸில், ஜாஸ் சிஷோம் அடித்த உயரமான பந்தைப் பிடிக்க வலது வெளிக்களத்தில் ஓடித் தாவிய அக்குன்யா, தரையிறங்கும்போது வலது முழங்காலின் முன்புறக் குறுக்குத் தசைநார் கிழிந்து சாய்ந்தார். அதுவரை 82 ஆட்டங்களில் 24 ஹோம் ரன்களும் (ஒரே அடியில் நான்கு பேஸ்களையும் சுற்றி வருவது) 17 பேஸ் திருட்டுகளும் (பந்து அடிக்கப்படாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது) அவர் கணக்கில் இருந்தன, பேட்டிங் சராசரி (அடிக்கும் வாய்ப்புகளில் பலித்தவற்றின் பங்கு) .283. சில நாள்களில் நடக்கவிருந்த ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு ரசிகர்களின் வாக்குகளால் தேர்வாகியிருந்தவர், அதில் ஆடாமலேயே அந்தப் பருவத்தை முடித்துக்கொண்டார்.

ஆனால் அன்றைய காயம் தனித்து வந்ததன்று. அதற்கு முந்திய மாதங்களிலேயே அணி பாதி கரைந்திருந்தது. இளம் பிட்சர்களில் (பந்து வீசுபவர்கள்) முதன்மையானவரான மைக் சொரோக்கா, 2020 ஆகஸ்டில் கிழிந்த குதிகால் நாணுக்குச் சிகிச்சை பெற்றுத் திரும்பிக்கொண்டிருந்த நிலையில், ஜூன் மாதம் சொந்த மைதானத்தில் உடைமாற்றும் அறைக்கு நடந்து போகும்போது அதே நாண் மறுபடியும் கிழிந்தது. கேட்சர் (விக்கெட் கீப்பர் போன்றவர்) ட்ராவிஸ் டார்னோ மே மாதத் தொடக்கத்தில் இடது கைக் கட்டைவிரல் தசைநாரைக் கிழித்துக்கொண்டு ஆகஸ்ட் வரை வெளியே இருந்தார். இடது வெளிக்களத்தில் நின்ற மார்செல் ஒசூனா மே மாத இறுதியில் பாஸ்டனில் மூன்றாம் பேஸுக்குச் சறுக்கியபோது விரல்களை முறித்துக்கொண்டார். பிறகு களத்துக்கு வெளியே எழுந்த ஒரு வழக்கு காரணமாக லீக் அவரை விடுப்பில் வைத்ததால் அந்த ஆண்டு அவர் திரும்பவேயில்லை. நடு வெளிக்களத்தை நம்பி ஒப்படைத்திருந்த கிறிஸ்தியன் பாச்சே பேட்டிங்கில் தடுமாறிக் கீழ்நிலை அணிக்கு அனுப்பப்பட்டிருந்தார். கூட்டிப் பார்த்தால், ஏப்ரலில் முதல் ஆட்டத்தில் வெளிக்களத்தில் நின்ற மூவரில் ஒருவர்கூட ஜூலை நடுவில் அணியில் இல்லை.

இந்த நிலையில் பொது மேலாளர் அலெக்ஸ் அந்தோபொலஸ் என்ன செய்தார் என்பதுதான் இந்தக் கதையின் சாரம். அக்குன்யாவுக்கு ஈடான ஒருவரைத் தேடி அவர் போகவில்லை. அப்படி ஒருவர் சந்தையில் கிடைக்கப்போவதும் இல்லை, கிடைத்தாலும் அதற்கு விலையாகக் கொடுக்க வேண்டிய இளம் வீரர்கள் அணியின் அடுத்த ஐந்தாண்டுக்கான முதலீடு. மாறாக, மற்ற அணிகள் அவ்வளவாக மதிக்காத நான்கு வெளிக்கள வீரர்களை இரண்டே வாரங்களில் வாங்கினார். ஜூலை 15 அன்று சிகாகோ கப்ஸிடமிருந்து ஜாக் பீடர்சன் வந்தார். பரிமாற்றத்துக்குக் கடைசி நாளான ஜூலை 30 அன்று மயாமியிலிருந்து ஆடம் டுவால், கான்சஸ் சிட்டியிலிருந்து ஹோர்ஹே சோலேர், கிளீவ்லாந்திலிருந்து எடி ரொசாரியோ ஆகிய மூவரும் வந்தனர். இவர்களுள் டுவால், முந்திய ஆண்டு இறுதியில் இதே பிரேவ்ஸ் அணியால் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாமல் விடப்பட்டவர். சோலேரின் சராசரி அப்போது .192. ரொசாரியோவோ வயிற்றுத் தசைக் காயத்தால் ஆடவே முடியாத நிலையில் இருந்தார். காயங்களால் தவித்துக்கொண்டிருந்த அணி இன்னொரு காயக்காரரை வாங்கியதைப் பார்த்து அன்று பலர் சிரித்திருக்கக்கூடும். அவருக்குப் பதிலாகக் கொடுக்கப்பட்ட மூத்த வீரர் பாப்லோ சாண்டோவாலைக் கிளீவ்லாந்து உடனே விடுவித்துவிட்டது. அதாவது அந்தப் பரிமாற்றத்தின் நோக்கமே ரொசாரியோவின் சம்பளத்தைக் கைகழுவுவதுதான்.

அட்லான்டாவுக்கு வந்த பிறகு டுவால் 16, சோலேர் 14, பீடர்சனும் ரொசாரியோவும் தலைக்கு ஏழு என, நால்வருமாக எஞ்சிய பருவத்தில் 44 ஹோம் ரன்கள் அடித்தார்கள். ரொசாரியோ செப்டம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரே ஆட்டத்தில் சிங்கிள், டபுள், டிரிபிள், ஹோம் ரன் (முறையே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு பேஸ் அடிகள்) நான்கையும் அடித்தபோது, அதற்காக அவர் எதிர்கொண்ட பந்துகள் மொத்தமே ஐந்து. ஓர் உயர்ந்த ஆட்டக்காரர் விட்டுப்போன வெற்றிடத்தை இன்னோர் உயர்ந்த ஆட்டக்காரரைக் கொண்டுதான் நிரப்ப வேண்டும் என்பதில்லை. வெளிக்களத்தின் மூன்று இடங்களிலும் சராசரிக்குக் கீழே இருந்த ஆட்டத்தைச் சராசரிக்குச் சற்று மேலே கொண்டுவந்தாலே போதும் என்று அந்தோபொலஸ் போட்ட கணக்கு பலித்தது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காயங்களைப் பற்றிப் பேசுபவர்கள் இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். அந்த ஆண்டு பிரேவ்ஸின் உள்களத்தை ஒரு காயமும் தொடவில்லை. ஃப்ரெடி ஃப்ரீமன் 159 ஆட்டங்களும், ஓசி ஆல்பிஸ் 156 ஆட்டங்களும், டான்ஸ்பி ஸ்வான்சனும் ஆஸ்டின் ரைலியும் தலா 160 ஆட்டங்களும் ஆடினார்கள். நால்வரும் 25-க்கு மேல் ஹோம் ரன் அடித்தனர். காயங்கள் வெளிக்களத்திலேயே குவிந்ததால்தான் அவற்றைக் கடையில் வாங்கி நிரப்ப முடிந்தது. ஆல்பிஸும் ஸ்வான்சனும் ஜூலையில் விழுந்திருந்தால் அவர்களுக்கு மாற்றாக அந்த விலைக்கு யாரும் கிடைத்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: ‘காயப் பட்டியல்’ என்று படிக்கிறேன். காயம்பட்டவருக்குப் பதில் இன்னொருவரை இறக்க இவ்வளவு விதிமுறை எதற்கு?
— வாசகி, சென்னை

ஒரு நாளில் ஓர் அணி 26 வீரர்களை மட்டுமே களத்துக்குத் தயாராக வைத்துக்கொள்ளலாம். அவர்களையும் உள்ளடக்கி அணியின் ஒப்பந்தப் பட்டியலில் 40 பேர் இருக்கலாம். காயம்பட்டவரைப் பத்து நாள் பட்டியலில் வைத்தால் 26-இல் ஓர் இடம் காலியாகும். அந்த இடத்துக்குக் கீழ்நிலை அணியிலிருந்து ஒருவரை அழைத்துக்கொள்ளலாம். நெடுங்காலம் வர மாட்டார் என்றால் அறுபது நாள் பட்டியலுக்கு மாற்றுவார்கள். அப்போது 40-இலும் ஓர் இடம் கிடைக்கும். 2022 முதல் பிட்சர்களுக்குக் குறைந்தபட்சம் பதினைந்து நாள்கள். கட்டுப்பாடு இல்லையென்றால், இன்று சோர்வாக இருக்கும் பிட்சரைக் காயம் என்று சொல்லி உட்கார வைத்து நாளைக்குப் புதியவரை இறக்கும் வழக்கம் பெருகிவிடும். கட்டுப்பாடு இருந்தும் அது ஓரளவு நடக்கிறது என்பதே என் எண்ணம்.

கேள்வி: ஹுவாஸ்கர் இனோவா என்ற பிட்சர் தன் கையைத் தானே உடைத்துக்கொண்டார் என்பது உண்மையா?
— வாசகர், ஈரோடு

உண்மை. மே 16 அன்று மில்வாக்கியில் மோசமாகப் பந்துவீசிவிட்டுத் திரும்பியவர், வீரர்கள் அமரும் பெஞ்சை ஓங்கிக் குத்தினார். முறிந்தது பந்து வீசும் வலது கை. அதற்குப் பன்னிரண்டு நாள்களுக்கு முன்புதான் வாஷிங்டனில், பிட்சராக இருந்தும் பேட்டைப் பிடித்து மூன்று பேஸ்களும் நிறைந்திருக்க ஹோம் ரன் அடித்துப் புகழின் உச்சியில் இருந்தார். ஆகஸ்ட் நடுவில்தான் திரும்பினார்.

கேள்வி: நான் மெட்ஸ் ரசிகன். நான்கு ஆட்டங்கள் முன்னணியில் இருந்தது எங்கள் அணி. எங்களுக்கும் காயங்கள்தாம். பிறகு அவர்கள் ஏன் எழுந்தார்கள், நாங்கள் ஏன் விழுந்தோம்?
— வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

உங்கள் கேள்வியில் இருக்கும் வலி நியாயமானது. நூறு நாள்களுக்கு மேல் பிரிவின் முதலிடத்தில் இருந்துவிட்டு 77-85 என்று பருவத்தை முடித்தது மெட்ஸ். காயங்கள் இரு அணிகளுக்கும் இருந்தன. வேறுபாடு, காயம் எங்கே விழுந்தது என்பதில் இருந்தது.

ஜேக்கப் டிகிராம் அந்த ஆண்டு 15 ஆட்டங்களில் 92 இன்னிங்ஸ் வீசி, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.08 ஓட்டங்களையே கொடுத்திருந்தார். அந்த அளவுக்கு வீசும் பிட்சர் ஒரு தலைமுறைக்கு ஓரிருவர்தான் வருவார்கள். ஜூலை 7 அன்று அவர் வீசியதே அந்தப் பருவத்தில் அவருடைய கடைசி ஆட்டமாயிற்று. கைக் காயத்தால் பிறகு வரவே இல்லை. அடுத்த பத்து நாள்களுக்குள் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் உள்கள வீரர்) ஃபிரான்சிஸ்கோ லிண்டோர் விலாத் தசையைப் பிசகிக்கொண்டு ஐந்து வாரங்களுக்கு மேல் அமர்ந்துவிட்டார். இவை இரண்டுமே ஜூலைச் சந்தையில் வாங்கி நிரப்ப முடியாத இடங்கள்.

ஜூலை 30 அன்று மெட்ஸ் வாங்கிய பெரிய பெயர் ஹாவியர் பயேஸ். நல்ல ஆட்டக்காரர்தான், நன்றாகவும் ஆடினார். ஆனால் தேவை பிட்சிங்கில் இருக்க, விலையை பேட்டிங்குக்குக் கொடுத்தார்கள்; கொடுத்த விலையோ, முந்திய ஆண்டுதான் புதுமுக வீரர் தேர்வின் முதல் சுற்றில் எடுத்திருந்த பீட் க்ரோ-ஆம்ஸ்ட்ராங் என்ற இளைஞர். பயேஸ் அந்தப் பருவம் முடிந்ததும் வேறு அணிக்குப் போய்விட்டார். க்ரோ-ஆம்ஸ்ட்ராங் பின்னர் சிகாகோவில் நட்சத்திரமானார். அட்லான்டா அதே நாளில் மூன்று வெளிக்கள வீரர்களுக்காகக் கொடுத்தவர்களில் இப்படிப் பின்னாளில் வருந்த வைத்தவர் ஒருவரும் இல்லை. இதில் மதிநுட்பம் எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை; ஆனால் இரண்டு அணிகளும் தத்தம் ஓட்டையைப் பார்த்த விதத்தில் அட்லான்டாவின் பார்வைதான் தெளிவாக இருந்தது.

கேள்வி: எங்கள் டொராண்டோ புளூ ஜேஸ் அதே ஆண்டு 91 ஆட்டங்களை வென்று வீட்டில் உட்கார்ந்தது. 88 வென்றவர்கள் கோப்பையைத் தூக்கினார்கள். இது என்ன நியாயம்?
— வாசகர், டொராண்டோ

நியாயமே இல்லை என்று உங்களோடு சேர்ந்து சொல்லத் தயாராக இருக்கிறேன். அமெரிக்கன் லீக் கிழக்குப் பிரிவில் டாம்பா பே 100, பாஸ்டனும் நியூயார்க் யாங்கீஸும் தலா 92, டொராண்டோ 91 என்று நான்கு அணிகள் தொண்ணூறைத் தாண்டின. அப்போதைய விதிப்படி ஒரு லீக்கில் பிரிவு வெற்றியாளர் மூவரோடு வைல்டு கார்டு இடங்கள் (பிரிவில் முதலிடம் பெறாதவர்களுள் சிறந்தவர்களுக்கு) இரண்டே. ஒரே ஓர் ஆட்டத்தில் அவ்விடம் தவறியது. அந்தக் கோடையின் பெரும்பகுதியில் உங்கள் அணி எல்லைக் கட்டுப்பாடுகளால் அமெரிக்காவின் டனீடனிலும் பஃபலோவிலும் ‘சொந்த மைதான’ ஆட்டங்களை ஆடிவிட்டு ஜூலை 30 அன்றுதான் டொராண்டோ திரும்பியது என்பதையும், பெரும்பணம் கொடுத்து எடுத்த ஜார்ஜ் ஸ்பிரிங்கர் காயங்களால் 78 ஆட்டங்கள் மட்டுமே ஆடினார் என்பதையும் எண்ணிப் பார்க்கும்போது, அந்த ஒரு ஆட்டம் எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டே இருக்கலாம்.

2022 முதல் லீக்குக்கு ஆறு அணிகள் என்று விரித்திருக்கிறார்கள். அந்த விதி ஓராண்டு முன்னரே வந்திருந்தால் டொராண்டோ உள்ளே இருந்திருக்கும். பிரேவ்ஸோ, எந்த விதியிலும் பிரிவு வெற்றியாளர் என்ற முறையில் உள்ளேதான் இருந்திருக்கும். ஆனால் அந்த ஆண்டு பிளேஆஃபுக்கு வந்த பத்து அணிகளில் மிகக் குறைந்த வெற்றிகளோடு வந்தது அதுதான் என்பதையும் மறுக்க முடியாது.

கேள்வி: அப்படியானால் எல்லாம் அதிர்ஷ்டம் என்று முடித்துவிடலாமா? பாதிப் பருவத்திலேயே இது தெரிந்திருக்க ஏதாவது அடையாளம் இருந்ததா?
— வாசகர், சிங்கப்பூர்

அடையாளம் இருந்தது. எடுத்த ஓட்டங்களையும் கொடுத்த ஓட்டங்களையும் ஒப்பிடுவது பேஸ்பாலில் பழைய வழக்கம். சிறு வித்தியாசத்தில் தோற்றும் பெரு வித்தியாசத்தில் வென்றும் வரும் அணியின் வெற்றிக் கணக்கு அதன் உண்மையான திறனைவிடக் கீழாகத் தெரியும். தோல்விக் கணக்கில் இருந்த அந்த ஜூலையிலும் பிரேவ்ஸ் கொடுத்ததைவிட அதிக ஓட்டங்களை எடுத்திருந்தது. பருவ முடிவில் 790 எடுத்து 656 கொடுத்திருந்தது; அந்தப் பிரிவின் ஐந்து அணிகளில் கொடுத்ததைவிட அதிகமாக எடுத்த அணி அது மட்டுமே. ஆகவே அது 44-45 அணியாகத் தோற்றமளித்த, அதைவிட நல்ல அணி.

ஆனாலும் ஜூலைக் கடைசிவரை அந்த நன்மை பட்டியலில் ஏறவில்லை. ஒரு நாள் வெற்றி, மறுநாள் தோல்வி என்று மாறி மாறி ஆடிக்கொண்டிருந்தார்கள். பருவத்தில் முதன்முறையாகத் தோல்விகளைவிட வெற்றிகள் அதிகமானது ஆகஸ்ட் 6 அன்றுதான். அந்த மாத நடுவில் முதலிடத்துக்கு வந்தவர்கள் பிறகு அதை விடவில்லை. செப்டம்பர் 30 அன்று ஃபில்லீஸை வென்று பிரிவைக் கைப்பற்றினார்கள். இடைவேளைக்கு முன் 44-45, பின் 44-28. வென்ற ஆட்டங்கள் இரு பாதியிலும் அதே 44, தோற்றவைதாம் பதினேழு குறைந்தன.

கேள்வி: உலகத் தொடரில் கால் எலும்பு முறிந்த பிறகும் ஒருவர் பந்துவீசினாராமே?
— வாசகி, கோயம்புத்தூர்

சார்லி மார்டன். அக்டோபர் 26 அன்று ஹூஸ்டனில் முதல் ஆட்டத்தின் இரண்டாவது இன்னிங்ஸில் யூலி குரியல் அடித்த பந்து அவர் வலது கெண்டைக்காலில் பட்டது. வெளிப்புற எலும்பு முறிந்திருக்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அதன் பின்னும் பதினாறு பந்துகள் வீசினார். மூன்றாவது இன்னிங்ஸின் முதல் பேட்டரான ஹோசே ஆல்டூவேயை அவுட்டாக்கிய பிறகுதான் காலை ஊன்ற முடியாமல் வெளியேறினார்.

வீரம் என்று பாராட்டுவது எளிது. அணிக்கு அதனால் வந்த சிக்கலையும் பார்க்க வேண்டும். சொரோக்கா இல்லை, இனோவா பிளேஆஃபின் நடுவே தோள் வலியால் விலகிவிட்டார், இப்போது மார்டனும் இல்லை. முழு நீளம் வீசக்கூடியவர்களாக எஞ்சியவர்கள் மேக்ஸ் ஃப்ரீடும் இயன் ஆண்டர்சனும் மட்டுமே. நான்காவது ஆட்டத்தைத் தொடங்கி வைக்க டிலன் லீ என்பவரை மேலாளர் ப்ரையன் ஸ்னிட்கர் அனுப்பினார்; மேஜர் லீகில் அவர் தொடங்கிய முதல் ஆட்டமே உலகத் தொடர் ஆட்டம், அதற்கு முன் எவருக்கும் அப்படி நேர்ந்ததில்லை. அந்த ஆட்டத்தை 3-2 என்று வென்றார்கள். மார்டனின் இடத்தில் சேர்க்கப்பட்ட டக்கர் டேவிட்சன் ஜூன் மாதத்துக்குப் பிறகு முதன்முறையாக மேஜர் லீகில் வீசிய ஐந்தாவது ஆட்டத்தில், முதல் இன்னிங்ஸிலேயே டுவால் நான்கு ஓட்டங்களை ஒரே அடியில் சேர்த்துக் கொடுத்தும் 9-5 என்று தோற்றார்கள். நவம்பர் 2 அன்று ஆறாவது ஆட்டத்தில் ஃப்ரீட் ஆறு இன்னிங்ஸ் ஓட்டமே கொடுக்காமல் வீச, 7-0 என்று முடிந்தது. 1995-க்குப் பிறகு அட்லான்டாவுக்குக் கிடைத்த முதல் கோப்பை. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் சோலேர். அதற்கு முந்திய சுற்றில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸை வென்றபோது அவ்விருது ரொசாரியோவுக்கு. .192 சராசரிக்காரரும் காயப் பட்டியலில் இருந்தவரும்தான்.

கேள்வி: 2024-இலும் பிரேவ்ஸுக்கு இதே போலக் காயங்கள். பாதிப் பருவத்தில் 2021-ஐவிட நல்ல நிலை. ஆனால் முதல் சுற்றிலேயே வெளியேறினோம். அந்த வித்தை இரண்டாம் முறை ஏன் பலிக்கவில்லை?
— வாசகர், கம்மிங், ஜார்ஜியா

‘நல்ல நிலை’ என்று நீங்கள் சொல்வது வெற்றிக் கணக்கை வைத்து. 2024 இடைவேளையில் பிரேவ்ஸ் 53-42; 2021-இன் 44-45 அதன் அருகில் நிற்காது. ஆனால் அதே நாளில் ஃபில்லீஸ் 62-34. எட்டரை ஆட்டப் பின்னடைவு. ஒன்பது வெற்றி அதிகமாகச் சேர்த்தும் பிரிவைப் பிடிக்கும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் தூரமாகிவிட்டது. வைல்டு கார்டு ஒன்றே வழி.

காயங்களும் வேறு மாதிரி விழுந்தன. தலைமைப் பிட்சர் ஸ்பென்சர் ஸ்ட்ரைடர் இரண்டே ஆட்டங்களுக்குப் பின் முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் போனார். மே 26 அன்று பிட்ஸ்பர்கில் அக்குன்யாவின் இடது முழங்கால் தசைநார் கிழிந்தது. ஜூலையில் ஆல்பிஸின் மணிக்கட்டும், ஆகஸ்டில் ரைலியின் கையும் முறிந்தன. 2021-இல் தப்பிய உள்களம் இம்முறை தப்பவில்லை. அந்தோபொலஸ் பழைய வழியையே முயன்றார். ஜூலை 30 அன்று அதே சோலேரைச் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து திரும்ப வாங்கினார் என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

அந்த அணியைத் தூக்கி நிறுத்தியவர் கிறிஸ் சேல். வெற்றிகள் 18, ஓட்டச் சராசரி 2.38, ஸ்ட்ரைக்அவுட் (பந்தை அடிக்க விடாமல் பேட்டரை வெளியேற்றுவது) 225 என மூன்றிலும் லீக்கில் முதலிடம். ஆனால் ஹெலீன் புயலால் தள்ளிப்போன இரு ஆட்டங்களை, பருவம் முடிந்த மறுநாளான செப்டம்பர் 30 அன்று மெட்ஸுடன் ஒரே நாளில் ஆட வேண்டியிருந்தபோது, முதுகுப் பிடிப்பால் அவர் வீச இயலவில்லை. முதலாவதில் 8-7 என்று தோற்று, இரண்டாவதில் 3-0 என்று வென்று 89-73 கணக்கில் உள்ளே நுழைந்தார்கள். மெட்ஸும் அதே 89-73. அதே கணக்கில் இருந்த அரிசோனா வெளியே போயிற்று. மறுநாளே சான் டியேகோவில் ஆட்டம். களைத்துப் போயிருந்த, சேல் இல்லாத அணி இரண்டு ஆட்டங்களில் முடிந்துபோனது. 2021-ஐவிட ஒரு வெற்றி அதிகம். ஆனால் 2021-இல் பிரிவு வெற்றியாளராக நிதானமாகத் தன் பிட்சர்களை வரிசைப்படுத்திக்கொள்ள நேரம் இருந்தது, இங்கே அது இல்லை.

கேள்வி: அக்குன்யா மீண்டாரா?
— வாசகர், திருநெல்வேலி

இரண்டு முறையும் மீண்டார். 2022 ஏப்ரலில் திரும்பி, 2023-இல் 41 ஹோம் ரன்களும் 73 பேஸ் திருட்டுகளுமாக, ஒரே பருவத்தில் நாற்பதும் எழுபதும் சேர்த்த முதல் ஆட்டக்காரராகி, ஒரு வாக்குகூடச் சிதறாமல் லீக்கின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். இரண்டாவது காயத்துக்குப் பின் 2025 மே 23 அன்று களமிறங்கி, எதிர்கொண்ட முதல் பந்தையே ஹோம் ரன்னாக்கினார்.

ஆனால் அந்த 2025 பருவத்தில் ரெய்னால்டோ லோபஸ், ஏ.ஜே. ஸ்மித்-ஷாவர், சேல், ஸ்பென்சர் ஷ்வெலன்பாக், கிராண்ட் ஹோம்ஸ் என்று பிட்சர்கள் ஒருவர் பின் ஒருவராக நீண்ட நாள் பட்டியலுக்குப் போனார்கள். ஜூலைச் சந்தையில் வெளிக்கள வீரர்கள் நால்வர் கிடைப்பார்கள். ஆட்டத்தைத் தொடங்கி வைக்கக்கூடிய பிட்சர்கள் ஐவர் கிடைக்க மாட்டார்கள். பிரேவ்ஸ் 76-86 என்று முடித்து, ஏழு ஆண்டுகள் தொடர்ந்து எட்டிய பிளேஆஃபை அவ்வாண்டு எட்டவில்லை.